தாத்தா பெயரில் கிடந்த பட்டாவை மாற்றிய அனுபவம்

மன்னார்குடி பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நஞ்சை இருக்கிறது. நான் இருப்பது கோயம்புத்தூரில். அப்பா காலமான பிறகு அந்த நிலத்தை அம்மா, நான், தங்கை மூவர் பெயருக்கும் மாற்ற வேண்டியிருந்தது. ஊரில் ஒருவர், "நீங்க அலையவே வேணாம், இருபதாயிரம் கொடுங்க, பட்டா வீடு தேடி வரும்" என்றார். அவரிடம் பதில் சொல்வதற்கு முன்னால், நிலத்தைப் பற்றி அரசாங்கக் கணக்கில் என்னதான் எழுதியிருக்கிறது என்று பார்த்துவிடலாம் என உட்கார்ந்தேன். வெளியூரில் இருந்துகொண்டு ஊர் நிலத்தை நினைத்துக் கவலைப்படுகிறவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அம்மா வைத்திருந்த பழைய காகிதங்களில் சர்வே எண், அதாவது புல எண் கிடைத்தது. அது ஒன்று போதும். தமிழ்நாடு அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம் தேர்ந்தெடுத்து, புல எண்ணும் உட்பிரிவு எண்ணும் கொடுத்து, ஃபோனுக்கு வரும் ஓடிபியைப் போட்டால் பட்டா திரையில் வந்துவிடுகிறது. வந்தது. ஆனால் அதில் அப்பா பெயரே இல்லை. தாத்தா பெயர் இருந்தது.

பரப்பும் இடித்தது. பட்டாவில் 0 - 81.00 என்று இருந்தது. அதாவது 81 ஏர். அம்மாவோ, "நம்மளுது மூணு மா தான்டா" என்கிறார். எங்கள் பக்கம் பெரியவர்களுக்கு மா, வேலிக் கணக்கு. பத்திரங்களில் ஏக்கர், சென்ட். பட்டாவில் ஹெக்டேர், ஏர். ஒரு மா என்பது ஏறக்குறைய 33 சென்ட், ஒரு ஏர் ஏறக்குறைய 2.47 சென்ட். இதை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நிறையக் குழப்பம் தீரும். கணக்குப் போட்டுப் பார்த்தால் 81 ஏர் என்பது இரண்டு ஏக்கர், ஆறு மா. அப்பாவுக்குப் பாதி, பெரியப்பாவுக்குப் பாதி. அனுபவத்தில் பிரிந்துவிட்ட நிலம், பட்டாவில் பிரியாமலே இருந்திருக்கிறது.

பாகம் பிரித்ததற்குப் பத்திரம் உண்டா என்று அம்மாவுக்கும் தெரியவில்லை, பெரியப்பா மகனுக்கும் தெரியவில்லை. பெரியப்பாவும் இப்போது இல்லை. சரி, வில்லங்கம், அதாவது அந்த நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியலைப் போட்டுப் பார்ப்போம் என்று பதிவுத் துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்துக்குப் போனேன். 1975இலிருந்து நடந்த பதிவுகளை அங்கே பார்க்க முடிகிறது, பார்ப்பதற்குக் கட்டணமும் இல்லை. பட்டாவில் இருந்த எண்ணைப் போட்டுத் தேடினேன். ஒன்றுமே வரவில்லை.

இந்த இடத்தில்தான் பலரும் பத்திரமே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்குக் கைகொடுத்தது அ-பதிவேடு. பட்டா பார்த்த அதே தளத்தில் அதையும் பார்க்கலாம். பாசன ஆதாரம், மண் வயனமும் ரகமும், தீர்வை என்று ஒரு வயலின் ஜாதகமே அதில் இருக்கிறது. அதில் 'பழைய புல உட்பிரிவு எண்' என்றும் ஒரு கட்டம் உண்டு. 1979 முதல் 1987 வரை யுடிஆர் என்ற நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்தபோது கணக்குகளைப் புதிதாக எழுதினார்கள். எண்கள் மாறிய இடங்களும் உண்டு. எண் மாறுவதற்கு முன் எழுதிய பத்திரம் பழைய எண்ணில்தானே இருக்கும்? பழைய எண்ணைப் போட்டுத் தேடியதும் வந்துவிட்டது: 1984இல் தாத்தா இருக்கும்போதே பதிவான பாகப்பிரிவினைப் பத்திரம், ஆவண எண்ணோடு. அன்று அந்தத் திரையைப் பார்த்தபோது ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி மாளாது. பத்திரத்தின் நகலுக்கும் அங்கேயே விண்ணப்பித்தேன்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. பதிவானதுதான் வில்லங்கத்தில் வரும். வாய்மொழிப் பாகம், பதிவு செய்யாத உயில் இதெல்லாம் அதில் தெரியாது. வில்லங்கம் சுத்தமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் நிலம் வாங்கிவிடாதீர்கள்.

மற்றவை சுலபமாகவே நடந்தன. அப்பாவின் இறப்புச் சான்றை இணையத்திலேயே இறக்கிக்கொண்டேன். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தோம். அப்புறம் தமிழ்நிலம் தளத்தில் பட்டா மாறுதல் விண்ணப்பம். அங்கே உட்பிரிவு உண்டா, இல்லையா என்று கேட்கும். நிலத்தைப் பிரிக்க வேண்டியிருந்தால் உட்பிரிவு உண்டு என்றுதான் போட வேண்டும். அதற்கு சர்வேயர் வந்து அளந்தாக வேண்டும், கட்டணமும் தனி.

வயலில் பயிர் நிற்கும்போது அளப்பது எல்லோருக்கும் சங்கடம். அதனால் சம்பா அறுப்பு முடிகிற சமயம் பார்த்து விண்ணப்பித்தோம். சர்வேயர் வந்த அன்று நானும் ஊருக்குப் போயிருந்தேன். பெரியப்பா மகனும் பக்கத்து வயல்காரர்களும் வந்திருந்தார்கள். கையில் புலப்படத்தின், அதாவது வயலின் அளவுகளைக் காட்டும் வரைபடத்தின் பிரிண்ட் இருந்தது; அதுவும் பட்டா பார்த்த தளத்தில் எடுத்ததுதான். எந்தப் பக்கம் எத்தனை மீட்டர், யார் வயல் எங்கே முடிகிறது என்று எல்லோரும் ஒரே தாளைப் பார்த்துப் பேசியதால் வாக்குவாதமே வரவில்லை. ஒரு மூலையில் கல்லைக் காணவில்லை. புலப்படத்தில் அது எங்கே இருக்க வேண்டும் என்று பார்த்து, அங்கே புதுக் கல் நட்டார்கள்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் விண்ணப்பம் நகரவே இல்லை. தளத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டு நிலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரிடம் நிற்கிறது என்று அதில் தெரிந்ததால், அந்த அலுவலகத்துக்கே நேராகப் போய்க் கேட்க முடிந்தது. எண்ணைச் சொன்னதும் எடுத்துப் பார்த்தார்கள். சில நாளில் உத்தரவு வந்தது. இருபதாயிரம் கேட்டவரிடம் போகும் தேவையே வரவில்லை. இந்தத் தளங்களின் பெயரில் போலிகள் இருக்கலாம் என்பதால், முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என ஒவ்வொரு தடவையும் பார்த்துவிட்டுத்தான் ஓடிபி கொடுப்பேன்.

புதுப் பட்டாவில் எங்கள் மூவர் பெயரும் 40.50 ஏரும் இருக்கின்றன. பெரியப்பா பங்குக்கும் தனி உட்பிரிவு எண் விழுந்துவிட்டது. அவர் பெயரிலிருந்து வாரிசுகள் பெயருக்கு மாற்ற இனிமேல் நிலத்தைப் பிரித்து அளக்க வேண்டியதில்லை. பெரியப்பா மகன் வாரிசுச் சான்றுக்கு எழுதிப் போட்டிருக்கிறார். அது வந்ததும் அவருடைய ஃபோனிலேயே விண்ணப்பிக்கப் போகிறோம்.