எண்ணுக்குக் கீழே ஒரு கட்டம்

அக்கா மகள் இன்று கைப்பேசியைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிட்டாள். அவளுக்கு முதல் வகை நீரிழிவு.

கையில் ஒட்டியிருக்கும் சென்சார் 5 நிமிடத்துக்கு ஒருமுறை சர்க்கரை அளவை அனுப்புகிறது. நாளுக்கு 288 எண்கள். ஒவ்வொன்றையும் தேர்வு மதிப்பெண்ணைப் போலத்தான் பார்க்கிறாள், பாவம்.

அவளது செயலியில் எண்ணுக்குக் கீழே இன்னொரு கட்டம் உண்டு: 'மனம் எப்படி இருக்கிறது?'

"சலித்துவிட்டது" என்று எழுதியிருந்தாள். எங்கள் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாத சொல்.

இது சோம்பல் அல்ல. மனச்சோர்வு நோயும் இதுவும் ஒன்றல்ல. ஓய்வே இல்லாத கண்காணிப்பு தரும் அயர்ச்சி. செயலி கேட்கலாம், ஆனால் பதிலைப் படிக்க ஒரு மனிதர் வேண்டுமே!

அடுத்த பரிசோதனையில் அந்தப் பக்கத்தையும் மருத்துவரிடம் காட்டச் சம்மதித்திருக்கிறாள்.