அந்தக் கப்பலுக்கு ஆர் சாபம் போட்டது?

கடந்த ஞாயிறு பின்னேரம் கொக்குவில் வீட்டில், தங்கையின் மகனும் நானும் ஸ்டார் ட்ரெக் என்ற பழைய அமெரிக்க விண்வெளித் தொடரின் ஓர் அத்தியாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். 1966 ஒக்டோபரில் முதன்முதலாக ஒளிபரப்பான அத்தியாயம் அது. ஆட்களை ஒரு கணத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பும் இயந்திரம் பழுதாகிவிடுகிறது. விண்கப்பலின் அதிகாரி சூலுவும் சில துணைவர்களும் உறைபனிக் கோள் ஒன்றில் அகப்பட்டு, கைத்துப்பாக்கியின் கதிரால் பாறைகளைச் சூடாக்கி, அவற்றருகே ஒடுங்கிக் கிடக்கிறார்கள். மேலே கப்பலில் இருப்பவர்களோ, கீழே உள்ளவர்கள் விறைத்துச் சாவதற்குள் இயந்திரத்தைத் திருத்திவிட வேண்டுமென்று தவிக்கிறார்கள். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் மருமகனுக்குப் பொறுக்கவில்லை. "மாமா, உவ்வளவு பெரிய கப்பலிலை ஒரு சின்னக் கப்பல் இல்லையே? அதை விட்டு ஏத்தலாமே?" என்று கேட்டான்.

இல்லை என்பதுதான் பதில். அந்த அத்தியாயத்தைப் படம்பிடித்தபோது கப்பலின் சிறுகலம் இன்னும் செய்யப்பட்டிருக்கவில்லை. ஏஎம்டி என்ற பொம்மை மாதிரிகள் தயாரிக்கும் நிறுவனம், கப்பலின் மாதிரிகளை விற்கும் உரிமைக்கு ஈடாகச் சிறுகலத்தைச் செய்துகொடுக்க முன்வந்த பிறகே அது கைக்குக் கிடைத்தது. திரையில் அது தோன்றியது 1967 ஜனவரியில். ஆட்களை அனுப்பும் இயந்திரமும் இதே வறுமையில் பிறந்ததுதான். வாரந்தோறும் ஒரு பெருங்கப்பலைப் புதிய கோளில் இறக்கிக் காட்டப் பணம் போதாது என்பதால், மினுங்கும் தூள் விழுவதைப் படம்பிடித்து, ஆளை மறையச் செய்தார்கள். எனவே சூலு குளிரில் நடுங்கியது அந்தக் கோளின் வானிலையால் மட்டுமல்ல, தயாரிப்பு அலுவலகத்தின் கணக்குப் புத்தகத்தாலும்தான். அவரோ அந்தப் புத்தகம் இருப்பதே தெரியாதவர்போல நடந்துகொள்ள வேண்டியிருந்தது.

அறிபுனைத் தொடர்களில் மனிதர்கள் கருவிகளோடு பழகும் விதம் விசித்திரமாகத் தோன்றுவதற்கு, என் கணிப்பில், முதன்மையான காரணம் இதுவே. நம்மைக் கட்டுப்படுத்துவது கண்முன்னே இருக்கும். அவர்களைக் கட்டுப்படுத்துவது கமராவுக்குப் பின்னால் இருக்கும். தானாகத் திறக்கும் கதவை நோக்கி வேகம் குறையாமல் நடக்கும் அந்த அதிகாரிகளைப் பாருங்கள். சுவருக்குப் பின்னால் நின்று கதவைக் கயிற்றால் இழுத்தவர்கள் தொழிலாளர்கள்; அவர்கள் ஒரு நொடி பிந்தியபோது நடிகர்கள் கதவில் முட்டிக்கொண்ட காட்சிகளும் உண்டு. மருத்துவர் மெக்கோயின் கையில் மினுங்கும் சிகிச்சைக் கருவிகளில் சில உண்மையில் உப்புக் குப்பிகள். உப்புக்காக ஏங்கும் ஓர் உயிரினத்தைப் பற்றிய அத்தியாயத்துக்கென வாங்கப்பட்டவை. உப்புக் குப்பி என்று எவரும் அடையாளம் காணமாட்டார்கள் என்பதால் மருத்துவப் பெட்டிக்குப் போயின. நோயாளியின்மேல் உப்புக் குப்பியை அசைக்கும் ஒருவர் வேறு எப்படித்தான் நடந்துகொள்வார்?

இருக்கைப் பட்டி இல்லாததும் அப்படித்தான். கமரா சாய, நடிகர்கள் எதிர்ப்பக்கம் சரிந்து விழுவதுதான் அந்தத் தொடரின் மலிவான பூகம்பம். பட்டி கட்டினால் பூகம்பம் இல்லை.

இவ்வளவையும் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "கர்ணனுக்கு மந்திரம் மறந்தது சாபத்தாலையடா. உந்தக் கப்பலுக்கு ஆர் சாபம் போட்டது?" என்றார். நான் அரைமணி நேரமாகச் சொல்லமுடியாமல் சுற்றி வந்ததை அவர் இரண்டு வசனத்தில் சொல்லிவிட்டார். பரசுராமரின் சாபம் போர் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே கதைக்குள் வந்துவிடுகிறது. ஆகவே தேவையான வேளையில் அத்திரம் கைவிடும்போது நாம் கர்ணனுக்காக இரங்குகிறோமே தவிர, கதை சொன்னவரிடம் சண்டைக்குப் போவதில்லை. பிந்தைய ஸ்டார் ட்ரெக் தொடர்களிலோ சாபம் அந்தந்த வாரமே தயாரானது. 1987 இல் தொடங்கிய 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் எழுத்தாளர்களில் ஒருவரான ரொனால்ட் மூர் பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார்: பாத்திரங்கள் பேசவேண்டிய அறிவியல் சொற்களுக்குப் பதிலாக, எழுத்துப்பிரதியில் 'டெக்' என்று மட்டும் போட்டுவிடுவார்களாம், அந்த வெற்றிடத்தை ஆலோசகர்கள் நிரப்புவார்களாம். என்னவென்று எழுதியவருக்கே தெரியாத வசனத்தைப் பேசும் பொறியியலாளர், கருவியைப் பார்த்து நம்பும்படி வியர்ப்பது கடினம்.

கருவி அளவுக்கு மிஞ்சி வல்லமை பெற்றாலும் சிக்கல்தான். டொக்டர் ஹூ என்ற பிரித்தானிய அறிபுனைத் தொடரில் 1968 இல் அறிமுகமான ஒலித் திருப்புளி, காலப்போக்கில் எந்தப் பூட்டையும் திறக்கும் மாயக்கோலாகிவிட்டது. கதைகளை அது சுலபமாக்கிவிடுகிறதென்று கருதிய தயாரிப்பாளர் ஜோன் நேதன்-டேர்னர், 1982 இல் அதை அழித்தேவிட்டார். மீண்டும் வந்த பிறகு, மரத்தின்மேல் அது வேலை செய்யாது என்றொரு குறையைச் சூட்டினார்கள். அதை நான் குறை சொல்லமாட்டேன். சாபம்போல ஏதோவொன்று இருக்கவேண்டும்.

மருமகனுக்கு இதை விளக்க, எங்கள் காலத்தைச் சொன்னேன். 1990 இல் போரால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. மின்கலமும் தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. இரவானால் முற்றத்தில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, நான் கையால் பெடலைச் சுற்ற, டைனமோவில் பொருத்திய வானொலியில் அப்பா பிபிசியின் தமிழோசை கேட்பார். கை சோர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் சோரும். அப்பா திரும்பிப் பார்க்கமாட்டார், தொண்டையைச் செருமுவார், நான் மறுபடி வேகமாகச் சுற்றுவேன். காங்கேசன்துறை வீதியில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள், சிறு போத்தலில் பத்திரமாய் வைத்திருந்த பெற்றோலில் சில சொட்டுகளைக் காபரேற்றருக்குள் விட்டு உதைப்பார்கள். வண்டி கிளம்பியபின் மண்ணெண்ணெயில், வெண்புகை கக்கிக்கொண்டு ஓடும். வேற்று உலகத்தவர் ஒருவர் இதை ஓர் அத்தியாயமாகப் பார்த்திருந்தால், வானொலி கேட்க எதற்குச் சைக்கிளைக் கவிழ்க்கிறார்கள் என்று சிரித்திருப்பார். எங்களுக்கு அதில் விசித்திரம் எதுவும் தெரியவில்லை. எது இல்லை என்பது முற்றத்தில் நின்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

இந்த 'இல்லை'யைக் கதைக்குள்ளேயே வைத்துத் தொடங்கியவரும் அதே மூர்தான் என்பது எனக்குப் பிடித்த முரண். 2003 இல் குறுந்தொடராக வந்து மறு ஆண்டு தொடராக விரிந்த பாட்டில்ஸ்டார் கலாக்டிக்காவில், விண்வெளிக் கப்பலுக்குள் கம்பித் தொலைபேசிகள் இருக்கும். கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கக் கப்பலின் தளபதி அடாமா மறுக்கிறார். இணைத்தால் எதிரியான சைலோன்கள் உள்ளே புகுந்துவிடுவார்கள் என்ற பழைய போரின் பாடம் அவருக்கு மறக்கவில்லை. ஆசிரியர்கள் பாடம் நடத்துவதற்காக இணைத்துத் தரும்படி கேட்டாலும் முடியாது என்கிறார். பார்ப்பவர்களுக்கு அது முதலில் கிழவரின் பிடிவாதமாகவே படும். நவீனமான மற்றக் கப்பல்கள் சுடமுடியாமல் செயலற்று நிற்கும்போதுதான் பிடிவாதத்தின் விலை தெரிகிறது.

அதையே அடுத்துப் போட்டேன். பத்து நிமிடம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த மருமகன், அடாமா சுவரிலிருந்து சுருள்கம்பி தொங்கும் வாங்கியை எடுத்ததும் எழுந்து உட்கார்ந்தான்.

"அம்மம்மா, ஓடியாங்கோ! உங்கட பழைய ஃபோன் வானத்திலை நிக்குது!"