கல்யாண வீடியோவுக்கு ஒரு எஸ்எஸ்டி

போன வைகாசி முகூர்த்தத்துக்கு ரெண்டு கேமரா, 4கே, மொத்தம் 640 ஜிபி. பழைய ஹார்ட் டிஸ்க்கில் வைத்தே எடிட் பண்ண உட்கார்ந்தேன். தாலி கட்டுற இடம் வந்ததும் படம் நின்று நின்று வந்தது. அந்த டிஸ்க் நொடிக்கு 120 எம்பிதான் தரும். ரெண்டு கேமரா ஃபைலையும் ஒரே நேரத்தில் படிக்கச் சொன்னால் இன்னும் இறங்கும்.

உடனே 2 டிபி எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கிற வெளி டிரைவ், தேடினேன். 2000 எம்பி வேகம் என்று போட்டிருந்ததை எடுக்கவில்லை. அதற்கு யூஎஸ்பி 3.2 ஜென் 2 பை 2 போர்ட் வேண்டும். என் மேக்புக்கில் கிடையாது. 1000 எம்பி தாராளம். நான் முக்கியமாகப் பார்த்தது, நூற்றுக்கணக்கான ஜிபியை ஒரே மூச்சில் எழுதினால் வேகம் தாங்குமா என்பதைத்தான். கேஷ், அதாவது வருகிற டேட்டாவை முதலில் வேகமாக வாங்கி வைக்கிற பகுதி, நிரம்பிவிட்டால் க்யூஎல்சி (ஒரு செல்லில் நாலு பிட் அடைக்கும் வகை) சிப் போட்ட சில டிரைவ்கள் ஹார்ட் டிஸ்க் அளவுக்கே படுத்துவிடும். டிஎல்சி (செல்லுக்கு மூணு பிட், எழுதும் வேகம் இதைவிட நன்றாகத் தாங்கும் வகை) என்று உறுதியான பிறகே காசு கொடுத்தேன்.

கேபிளையும் கவனிங்க. முதல் நாள் கைக்கு வந்த போன் சார்ஜர் கேபிளைச் செருகிவிட்டேன், 40 எம்பிதான் வந்தது! பெட்டியோடு வந்த குட்டைக் கேபிளை மாட்டியதும் 900-ஐத் தாண்டியது. அதன் முனையில் சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறேன்.