புதுசா பண்ணது பீட்டில்ஸ் மட்டும்தானா?

1960கள் ராக் மியூசிக்னாலே எல்லாரும் பீட்டில்ஸ் பேண்ட்லயே நின்னுடுறாங்க. சரி, 1966ல ரிவால்வர் ஆல்பத்துக்காக ரெக்கார்டிங் டேப்பை வளையமா ஒட்டி (லூப்) திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அவங்க பாடகர் ஜான் லெனன் குரலை ஆர்கன் வாத்தியத்தோட சுழலுற ஸ்பீக்கர் வழியா அனுப்பி அவங்க பண்ணதெல்லாம் பெரிய வேலைதான், மறுக்கவே இல்ல. ஆனா அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே கிங்க்ஸ் பேண்ட்ல டேவ் டேவிஸ், அப்போ 17 வயசு பையன், ஆம்ப்ல (கிட்டார் சத்தத்தைப் பெருசாக்குற பெட்டி) இருக்குற ஸ்பீக்கர் கோனை பிளேடால கிழிச்சு அந்த கரகர கிட்டார் சத்தத்தைக் கொண்டுவந்துட்டாரு, ஒரே ஒரு பிளேடுங்க! எனக்கு அதுதான் பெருசு.

வெல்வெட் அண்டர்கிரவுண்ட்னு இன்னொரு பேண்ட், அது அதுக்கும் மேல. 1967ல வந்த முதல் ஆல்பத்துல ஜான் கேல் வயோலாவ (வயலின் மாதிரி, கொஞ்சம் பெருசு) விடாம ஒரே சுரத்துல இழுப்பாரு பாருங்க, கேக்க கேக்க மண்டைக்குள்ள ஏறும், ஆனா அப்போ அந்த ரெக்கார்ட் பெருசா விக்கவே இல்ல. ரோலிங் ஸ்டோன்ஸ் பேண்ட் எனக்கு உயிரு, இருந்தாலும் புதுமைன்னு கேட்டா இவங்களுக்கு அப்புறம்தான் வைப்பேன்.