இரண்டு டம்ளர் டீ

புரோவோவில் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது எங்கள் வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அமெரிக்கா என்றால் அமெரிக்கா, அவ்வளவுதான். யூட்டா மாநிலம், பிரிகம் யங் பல்கலைக்கழகம், மார்மன் என்ற கிறிஸ்தவச் சபை நடத்துவது என்றெல்லாம் நானும் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. பக்தியால் அங்கே போகவில்லை, பணம்தான் காரணம். சபையைச் சேராத மாணவர்களுக்கு அங்கே கட்டணம் இரண்டு மடங்கு. ஆனால் அந்த இரண்டு மடங்கே மற்ற தனியார் பல்கலைக்கழகங்கள் எனக்கு அனுப்பிய கணக்கில் பாதிகூட வரவில்லை.

விண்ணப்பத்தில் ஜிஆர்ஈ, டோஃபல் தேர்வு மதிப்பெண்கள், பரிந்துரைக் கடிதங்கள் எல்லாம் வழக்கம் போலத்தான். கூடுதலாக ஒரு படிவம் இருந்தது. மதத் தலைவர் ஒருவர் என்னைப் பேட்டி கண்டு, ‘இவர் எங்கள் ஆனர் கோடுப்படி நடப்பார்’ என்று ஒப்புதல் தர வேண்டும். ஆனர் கோடு என்பது மாணவர், ஆசிரியர் எல்லோரும் கையெழுத்திடும் ஒழுக்க விதி. உண்மையாக இருக்க வேண்டும். கற்போடு வாழ வேண்டும், அதாவது கல்யாணத்துக்கு முன் உறவு கூடாது. மது, புகையிலை, காபி, டீ கூடாது. தாடி கூடாது. முதலில் எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயில் குருக்களிடம் கேட்கலாமா என்றுதான் யோசித்தேன். என்னை டவுசர் போட்ட வயதிலிருந்து அறிந்த மனுஷன். ஆனால் கற்பு பற்றிய கேள்வியை அவருக்குத் தமிழில் எப்படிப் படித்துக் காட்டுவது என்று நினைத்ததும் அந்த யோசனையை விட்டுவிட்டேன்.

சென்னையில் மார்மன் சபைக்குக் கிளை இருப்பது அப்போதுதான் தெரிந்தது. அதன் தலைவர் பாதிரியார் அல்ல. அந்தச் சபையில் உள்ளூர் அளவில் சம்பளம் வாங்கும் குருமார் கிடையாது. ஆளுக்கு ஒரு பொறுப்பை எடுத்துச் சில வருடம் செய்துவிட்டு இறங்கிவிடுவார்கள். இவர் வார நாட்களில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்ப்பவர். வெள்ளைச் சட்டை, டை, பெயர் பொறித்த கறுப்பு பேட்ஜ் என்று யாரையோ எதிர்பார்த்துப் போனேன். கையில் டிபன் பையோடு பைக்கில் வந்து இறங்கினார்.

“தம்பி, சிகரெட், தண்ணி உண்டா?”

“இல்ல சார்.”

“டீ?”

“நாளைக்கு நாலு வேளை சார்.”

சிரித்துவிட்டார். “அதுதான் தம்பி கஷ்டம். தண்ணியடிக்கிறவன்கூட விட்டுடறான். டீயை விடறதுதான் நம்ம ஆளுங்களால முடியல. நானே ஆறு மாசம் தலைவலியோட அலைஞ்சேன்.” படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒன்று சொன்னார்: “கையெழுத்து என்னோடது. வாக்கு உங்களோடது.”

2010 ஆகஸ்டில் போய்ச் சேர்ந்தேன். பாடம் புள்ளியியல் முதுகலை. வளாகத்துக்குத் தெற்கே ஒரு அபார்ட்மென்ட்டில் ஐந்து மார்மன் பையன்களோடு ஆறாவது ஆளாகச் சேர்ந்தேன். பெண்களுக்குத் தனிக் கட்டிடம். ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் போகலாம். நள்ளிரவுக்குள் கிளம்பிவிட வேண்டும், படுக்கையறைப் பக்கம் போகக் கூடாது. என் அறைத்தோழர்களில் மூன்று பேர் மிஷன் முடித்துத் திரும்பியவர்கள். பிரேசில், தைவான், பிலிப்பைன்ஸ் என்று இரண்டு வருடம் சொந்தச் செலவில் மதப் பிரச்சாரம் செய்துவிட்டு வந்து விட்ட இடத்தில் படிப்பைத் தொடர்ந்தார்கள். பாத்திரம் கழுவும்போது ஒருவன் போர்த்துகீசியத்தில் பாடுவான், இன்னொருவன் சீனத்தில் திட்டுவான்.

பழக வேண்டிய சங்கதிகள் நிறைய இருந்தன. காலையில் கொடி ஏற்றும்போதும் மாலையில் இறக்கும்போதும் தேசிய கீதம் ஒலிக்கும். வகுப்புக்கு ஓடிக்கொண்டிருப்பவன்கூட அப்படியே நின்றுவிடுவான். ஒரு வளாகமே நடுநடையில் உறைந்து நிற்பதை முதல் தடவை பார்த்தபோது எங்கோ தீ விபத்து என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை பதினொரு மணிவாக்கில் கூட்டுச் சொற்பொழிவு. அந்த நேரத்தில் பெரும்பாலான அலுவலகங்கள் மூடிவிடும். ஞாயிற்றுக்கிழமையும் பூட்டுதான். இளங்கலை மாணவர்கள் பட்டம் வாங்க 14 கிரெடிட் மதப் பாடம் படிக்க வேண்டும். நான் முதுகலை என்பதால் தப்பித்தேன்.

தாடி விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தேர்வுகள் பெரும்பாலும் வகுப்பில் நடப்பதில்லை. கிராண்ட் கட்டிடத்தில் பெரிய தேர்வுக்கூடம் ஒன்று உண்டு; குறிப்பிட்ட நாட்களுக்குள் நமக்குத் தோதான நேரத்தில் போய் எழுதிவிட்டு வரலாம். வாசலில் நிற்பவர் அடையாள அட்டையைப் பார்ப்பார், முகவாயையும் பார்ப்பார். எனக்கோ காலையில் மழித்தால் சாயங்காலம் பச்சையாக முளைத்துவிடும். அதனால் தேர்வு நாட்களில் பையில் கால்குலேட்டரோடு ரேசரும் போகும். கொள்குறி வினா எழுதி முடித்து மாடியிறங்கி வந்தால் கீழே டிவி திரையில் மதிப்பெண் ஓடும். அந்தப் படிக்கட்டில் அழுதவர்களையும் பார்த்திருக்கிறேன், நடு வழியில் துள்ளிக் குதித்தவனையும் பார்த்திருக்கிறேன்.

அந்தக் குளிர்காலம் முழுக்க ஊரில் ஒரே பேச்சு, ஜிம்மர். ஜிம்மர் ஃபிரடெட், நியூயார்க் மாநிலம் கிளென்ஸ் ஃபால்ஸ் பையன், எங்கள் பல்கலைக்கழக அணியின் கடைசி வருடக் கூடைப்பந்து வீரர். ஆட்டத்துக்குச் சராசரி 28.9 புள்ளி, அந்த வருடம் நாட்டிலேயே அதிகம். அரைக் கோட்டைத் தாண்டியதுமே எறிவார், உள்ளே போகும். எனக்குக் கூடைப்பந்தில் பந்து எது கூடை எது என்ற அளவுக்குத்தான் ஞானம். ஆனாலும் ஜனவரி 26 அன்று சான் டியாகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தோடு நடந்த ஆட்டத்துக்கு மேரியட் சென்டர் அரங்கத்தின் வாசலில் பனியில் கூடாரம் போட்டுப் படுத்திருந்த கூட்டத்தில் நானும் இருந்தேன். அறைத்தோழர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். ஜிம்மர் மட்டும் 43 புள்ளி. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டம், ஒரு சொட்டு பீர் கிடையாது, ஆனாலும் வீடு திரும்பும்போது எல்லோருக்கும் தொண்டை கட்டியிருந்தது.

அணியின் வயதும் சூழ்நிலையும் வேறு மாதிரி. மிஷன் போய்வந்த ஆட்கள் இருபத்து மூன்று, இருபத்து நாலு வயதில் ஆடுவார்கள்; கல்யாணம் ஆனவர்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆடவே மாட்டார்கள். தேசியப் போட்டி அட்டவணை போடுகிறவர்களே இவர்களை வியாழன், சனி ஆட்டங்களில் வைக்க வேண்டும்.

பிப்ரவரி 26 அன்று அதே சான் டியாகோவை அவர்கள் ஊரிலேயே ஜெயித்தாயிற்று. அணி நாட்டில் மூன்றாவது இடத்தில் இருந்தது. மார்ச் 1, செவ்வாய்க்கிழமை, செய்தி வந்தது: பிராண்டன் டேவிஸ் ஆனர் கோடை மீறியதால் இந்தப் பருவம் இனி ஆட மாட்டார். புரோவோ ஊர்ப் பையன், இரண்டாம் வருட மாணவர், அணியில் அதிகம் ரீபவுண்ட் எடுத்தவர், அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடித்தவர். என்ன மீறல் என்று பல்கலைக்கழகம் சொல்லவில்லை. குற்ற வழக்கு எதுவும் இல்லை என்பது மட்டும் தெரிந்தது. மீதியைப் பத்திரிகைகள் எழுதித் தீர்த்தன. மறுநாள் எங்கள் அரங்கிலேயே நியூ மெக்சிகோவிடம் 82-64 என்று தோற்றோம்.

டிவியில் நாடு முழுக்க அதே விவாதம். கோப்பை கைக்கு வரும் நேரத்தில் கொள்கைக்காக ஆட்டக்காரரை உட்கார வைத்தார்களே என்று பாதிப் பேர் புகழ்ந்தார்கள். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு விதியா என்று மீதிப் பேர் சிரித்தார்கள். எங்கள் வீட்டில் பேச்சே இல்லை. பிரேசில் போய்வந்தவன் மட்டும், “பாவம், அவங்க அம்மா இதையெல்லாம் பார்ப்பாங்க” என்றான்.

எனக்கு வயிறு கலங்கியது வேறு காரணத்துக்காக. ஒப்புதல் ஒரு தடவையோடு முடிவதில்லை, வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். இணையத்தில் உள்ளே போய் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு, அப்புறம் ஒரு பேட்டி. என் பேட்டி மார்ச் 6, ஞாயிற்றுக்கிழமை. அந்தப் பொங்கலுக்கு சால்ட் லேக் பக்கம் ஒரு தமிழ்க் குடும்பம் கூப்பிட்டிருந்தார்கள். சர்க்கரைப் பொங்கல், வடை, அப்புறம் அந்த அக்கா கேட்காமலேயே டம்ளரில் இஞ்சி தட்டிப் போட்ட டீயை நீட்டினார். ஐந்து மாதம் கழித்து வந்த வாசனை. முதல் டம்ளர் மரியாதைக்கு. இரண்டாவதை நானே கேட்டு வாங்கினேன்.

எங்கள் குடியிருப்புப் பகுதிக்கான பிஷப், அதாவது உள்ளூர்ச் சபைத் தலைவர், ஒரு பல் டாக்டர். சபைக்கூடத்தில் ஒரு சின்ன அறை, மேஜை மேல் மிட்டாய்க் கிண்ணம். மாதத்தின் முதல் ஞாயிறு என்பதால் அவர்களுக்கு விரதம். இரண்டு வேளைச் சாப்பாட்டை விட்டு அந்தப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுப்பார்கள். மிட்டாயை என் பக்கம் தள்ளிவிட்டு அவர் தொடவில்லை. கேள்விகள் வரிசையாக வந்தன. டீ, காபி என்று வந்ததும் நான் வாயைத் திறப்பதற்குள் என் காது சூடாகிவிட்டது.

“இரண்டு டம்ளர்,” என்றேன்.

“தினமுமா?”

“இல்லை, மொத்தமே இரண்டு. ஜனவரியில். எங்கள் பண்டிகை.”

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பட்டியலில் டீ எத்தனையாவது என்று தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். “முதலில் இருப்பது உண்மையாக இரு என்பது. அதில் நீ தேறிவிட்டாய்.” பட்டம் வாங்கும்வரை மூன்றாவது டம்ளர் வேண்டாம், முடியுமா என்றார். முடியும் என்றேன். கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். வெளியே வந்து மணி பார்த்தால் எல்லாமே பன்னிரண்டு நிமிஷம்.

என் டீயையும் டேவிஸ் விஷயத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது, தெரியும். டீ அந்த விதியின் வாசல்படி என்றால் அவர் விஷயம் நடுக்கூடம். ஆனால் நாங்கள் இரண்டு பேரும் கையெழுத்திட்ட தாள் ஒன்றுதான். என் தப்பு ஒரு பல் டாக்டருக்கும் எனக்கும் நடுவே முடிந்தது. அந்தப் பையனுடையதை விடிய விடிய நாடே பேசியது. விதி எல்லோருக்கும் சமம் என்று டிவியில் ஒருவர் பெருமையாகச் சொன்னபோது எனக்கு அந்த மூடிய கதவுதான் ஞாபகம் வந்தது. தண்டிக்கப்படும் வீரர்களில் கறுப்பினத்தவர் விகிதத்துக்கு மீறி அதிகம் என்ற விமர்சனமும் அந்த வருடமே எழுந்தது. டேவிஸ் கறுப்பினத்தவர். 1978 வரை கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவப் பட்டம் தராத சபை அது என்பதை நினைவில் வைத்தால் அந்தக் கேள்வியை எளிதில் ஒதுக்க முடியாது. இதை வீட்டில் கேட்டேன். தைவான்காரன் ரொம்ப நேரம் மௌனமாக இருந்துவிட்டு, “எனக்குப் பதில் தெரியல” என்றான். அதற்காகவே அவனை எனக்குப் பிடிக்கும்.

என் பேட்டிக்கு முந்தைய நாள், மார்ச் 5, வயோமிங்கோடு கடைசி உள்ளூர் ஆட்டம். சாம்பியன் பட்டம் ஜெயித்தபின் கூடையின் வலையை அறுத்து ஆளுக்கு ஒரு துண்டு எடுப்பது அங்கே வழக்கம். ஏணியில் டேவிஸையும் ஏற்றினார்கள். அரங்கம் எழுந்து நின்று கத்தியது. அவரைத் தண்டித்த விதியை நம்புகிற கூட்டமும் அதே கூட்டம்தான். அடுத்த பருவம் அவர் திரும்பி வந்து ஆடினார், பின்னாளில் தொழில்முறைக் கூடைப்பந்தான என்பிஏவுக்கும் போனார். அந்த அணியின் முதல் வருடப் பையன் கைல் காலின்ஸ்வொர்த் பருவம் முடிந்ததும் ரஷ்யாவுக்கு மிஷன் கிளம்பினார். இரண்டு வருடம் பந்தை ஒதுக்கி வைப்பது அங்கே யாருக்கும் அதிசயமாகப் படவில்லை.

ஜிம்மர் அணியை இன்னும் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போனார். மார்ச் 24, நியூ ஆர்லியன்ஸில் கூடுதல் நேரத்தில் ஃபுளோரிடாவிடம் தோற்றார்கள், 83-74. எங்கள் வீட்டில் அன்று ராத்திரி யாரும் சமைக்கவில்லை.

அந்தச் சோகம் ஆறுவதற்குள் ஹோலி வந்தது. புரோவோவுக்குத் தெற்கே பத்து மைலில் ஸ்பானிஷ் ஃபோர்க் என்ற ஊரில், குன்றின் மேல் வெள்ளையாக ஒரு கிருஷ்ணர் கோயில் இருக்கிறது. ஒட்டகத்தின் உறவான லாமா என்ற விலங்கைக்கூட வளர்க்கிறார்கள். அமெரிக்காவிலேயே பெரிய ஹோலிகளில் ஒன்று அங்கேதான், வருகிறவர்களில் முக்கால்வாசி எங்கள் மார்மன் பையன்களும் பெண்களும். என்னைக் கூட்டிப்போனதே என் அறைத்தோழர்கள்தான். வண்ணப்பொடி எப்படி எறிய வேண்டும் என்று ஒரு இந்துவுக்கு அவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன் ஹோலியை எங்கே கண்டான், நானும் பவ்யமாகக் கற்றுக்கொண்டேன்.

தலையெல்லாம் நீலமும் மஞ்சளுமாக, பிரசாத வரிசையில் நின்றோம். எனக்கு ஒரு நப்பாசை. கோயில், இந்தியச் சமையல், மலைக்குளிர். குடிக்காவிட்டாலும் பரவாயில்லை, வாசனையாவது வராதா? பரிமாறிக்கொண்டிருந்த வெள்ளைக்கார பக்தரிடம் டீ உண்டா என்று கேட்டேன்.

“மன்னிக்கணும், நாங்க டீ, காபி தொடறதில்லை,” என்றார். “கிருஷ்ணருக்குப் படைக்க முடியாத எதையும் நாங்க சாப்பிடறதில்லை.”

பின்னாலிருந்த பிரேசில்காரன் சிரித்த சிரிப்பில் அவன் தட்டிலிருந்த சோறு என் சட்டையில் விழுந்தது.