ஏ பார்ட்டியா, பார்ட்டி ஏயா?

ஷென்ஜெனில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். மூன்றாவது மாடியில் ஒரு கதவின் மேல் சிவப்புப் பலகை மாட்டியிருந்தது. சீன எழுத்துகளுக்குக் கீழே ஆங்கிலத்தில் 'பார்ட்டி மெம்பர்ஸ் ஆக்டிவிட்டி ரூம்'. பரவாயில்லையே, ஊழியர்கள் கேரம் ஆடவும் பிறந்தநாள் கேக் வெட்டவும் தனி அறையே வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எட்டிப் பார்த்தேன். நீள மேசை, இருபது நாற்காலி, சுவரில் அரிவாள் சுத்தியல் போட்ட சிவப்புக் கொடி, பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டிய உறுதிமொழி. மதுரையில் வளர்ந்தவனுக்கு அந்தக் கொடியை யாரும் விளக்க வேண்டியதில்லை. சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

சீனாவில் ஒரு நிறுவனத்தில் மூன்று கட்சி உறுப்பினர்கள் இருந்தாலே அங்கே ஒரு கிளை அமைக்க வேண்டும் என்பது விதி, தனியார் நிறுவனமானாலும் சரி. இதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்தவனே வந்த வாரத்தில் 'பார்ட்டி' என்ற சொல்லில் வழுக்கி விழுந்ததை மாணவர்களிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை.

நிறுவனம் தொலைத்தொடர்புக் கருவிகள் செய்து வெளிநாடுகளுக்கு விற்பது. வாரத்தில் இரண்டு நாள், மாலை ஏழிலிருந்து எட்டரை வரை வகுப்பு. ஹூனான், சிச்சுவான், ஜியாங்சி என்று பல மாகாணங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள்தான் மாணவர்கள். ஷென்ஜென் அப்படிப்பட்ட ஊர். 1980இல் சிறப்புப் பொருளாதார மண்டலம் ஆன பிறகு வெளியூர்க்காரர்களால் நிரம்பியது. எல்லோரும் பள்ளியிலும் கல்லூரியிலும் வருஷக்கணக்கில் ஆங்கிலம் படித்தவர்கள். இலக்கணத்தில் என்னையே மடக்குவார்கள். வாயைத் திறக்கத்தான் தயக்கம். என்னை 'லாவ்ஷி' என்று கூப்பிடுவார்கள். நம் 'சார்' மாதிரி, ஆனால் ஆண் பெண் இருவருக்கும் பொது.

ஒரு திங்கட்கிழமை, சனி ஞாயிறு என்ன செய்தீர்கள் என்று வழக்கம்போல் ஆரம்பித்தேன். வகுப்பிலேயே இளையவள், ஆள் எடுக்கும் பிரிவில் இருப்பவள், எழுந்து, 'லாஸ்ட் சாட்டர்டே ஐ ஜாய்ன்ட் பார்ட்டி' என்றாள்.

பின் வரிசையில் தரக்கட்டுப்பாட்டு மேலாளர் உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், கட்சி உறுப்பினர். "ஒரே ராத்திரியிலா?" என்று சீனத்தில் கேட்டார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். "நான் விண்ணப்பம் எழுதி, பயிற்சி வகுப்புக்குப் போய், அதற்கு மேல் ஒரு வருஷம் தகுதிகாண் உறுப்பினராக இருந்து சேர்ந்தேன். நீ ஒரு சனிக்கிழமையில் முடித்துவிட்டாயா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவளும் விடவில்லை. "நான் அந்தத் தாங் இல்லை ஐயா, துவோஷோ தாங்!"

தாங் என்றால் சீனத்தில் கட்சி. துவோஷோ தாங் என்றால் 'கையை வெட்டிக்கொள்ளும் கட்சி'. நவம்பர் 11ஆம் தேதி இணையத் தள்ளுபடியில் கண்டதையும் வாங்கிக் குவித்துவிட்டு, இனிமேல் வாங்கினால் கையை வெட்டிக்கொள்கிறேன் என்று புலம்புகிறவர்கள். அதேபோல், தலைப்பில் மட்டும் பரபரப்பு காட்டிச் செய்தி போடுகிறவர்கள் 'பியாவ்தீ தாங்', அதாவது தலைப்புக் கட்சி. ஒரு சொல்லைக் கண்டபடி இழுப்பது ஆங்கிலத்துக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அவள் பிழை எங்கிருந்து வந்தது என்பது சுலபம். சீனத்தில் 'சான்ஜியா' என்று ஒரே வினைச்சொல். விருந்துக்குப் போவது, போட்டியில் கலந்துகொள்வது, அமைப்பில் சேர்வது எல்லாவற்றுக்கும் அது ஆகும். அப்புறம் அந்த 'எ', 'தி'. 'எ பார்ட்டி' என்றால் கேக்கும் பாட்டும். 'தி பார்ட்டி' என்று பெரிய எழுத்தில் தொடங்கினால் 1921இல் ஷாங்காயில் தொடங்கிய கட்சி. சீனத்தில் இந்த ஒட்டுச் சொற்களும் கிடையாது, பெரிய எழுத்து சிறிய எழுத்தும் கிடையாது. தமிழிலும் கிடையாது. அந்தக் கஷ்டத்தை நானும் பட்டிருக்கிறேன்.

சரி, ஒழுங்காகச் சொல்லிக்கொடுப்போம் என்று அன்றிரவே ஒரு தாள் தயாரித்தேன். 'பார்ட்டி'க்கு எட்டு அர்த்தம், எண் போட்டு, எதிரே சீனச் சொல். விருந்துக்குப் பாய்துவேய். அரசியலுக்குத் தாங். ஒப்பந்தத்துக்கு ஃபாங். வழக்குக்குத் தாங்ஷ்ரென். அடுத்த வகுப்பில் எல்லோரும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டார்கள். அதற்கடுத்த வகுப்பில் எட்டையும் வரிசை மாறாமல் ஒப்பித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதே வாரம் விற்பனைப் பிரிவிலிருந்து ஒரு வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் போயிருக்கிறது: புதிய விலையில் 'யுவர் பார்ட்டி' மகிழ்ச்சி அடையும் என்று நம்புகிறோம். அவர் ஒரே வரியில் பதில் போட்டிருந்தார்: என்ன பார்ட்டி, எனக்கு அழைப்பே வரவில்லையே? எழுதிய பையன் என் மாணவன். எட்டு அர்த்தத்தையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். சீன வணிகக் கடிதத்தில் 'வோஃபாங்' என்றால் எங்கள் தரப்பு, 'குவேய்ஃபாங்' என்றால் மரியாதையாக உங்கள் தரப்பு. என் பட்டியலில் ஃபாங்குக்கு எதிரே பார்ட்டி என்று நானேதான் எழுதிக் கொடுத்திருந்தேன். வெறும் 'யூ' போதும் என்று எழுதவில்லை. பிழை அவனுடையது இல்லை.

பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு மாதிரி ஆரம்பித்தேன். இந்தச் சொல்லை நீங்கள் முதலில் எங்கே பார்த்தீர்கள், ஒவ்வொருவராகச் சொல்லுங்கள் என்றேன். என் ஆசிரிய வேலையில் நான் கேட்ட உருப்படியான கேள்விகளில் இது ஒன்று.

இளையவள் 'ஹோங்பா' என்றாள். ஆங்கில 'ஹோம் பார்ட்டி'யைச் சீன நாக்கு உருட்டியது அப்படி. கூட்டமாகக் கொண்டாட மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் வீடுகளுக்கே அங்கே ஹோங்பா கூடம் என்று பெயர். மேலாளர் பள்ளிப் பாடப்புத்தகம் என்றார். சொல்லவே வேண்டாம், எந்தப் பார்ட்டி என்று. விற்பனைக்காரர் ஒருவர் லாஸ் வேகஸ் கண்காட்சிக்குப் போனபோது உணவக வாசலில் 'ஹௌ மெனி இன் யுவர் பார்ட்டி?' என்று கேட்டிருக்கிறார்கள். இவர் பதறிப்போய், 'நோ பார்ட்டி, ஒன்லி ஈட்டிங்' என்றிருக்கிறார். சீனாவில் வாசலிலேயே 'ஜீ வேய்?' என்பார்கள். எத்தனை பேர், அவ்வளவுதான்.

எதிர்பாராத பதில் ஒரு மென்பொருள் பொறியாளரிடமிருந்து வந்தது. வகுப்பில் பேசவே பேசாதவர். "எனக்கு பார்ட்டி என்றால் போன் அடிக்கும் இடம்" என்றார். புரியவில்லை. எழுந்து வந்து பலகையில் இரண்டு சின்னப் பெட்டிகள் வரைந்து நடுவில் ஒரு கோடு இழுத்தார். இடப்பக்கப் பெட்டி 'காலிங் பார்ட்டி', வலப்பக்கம் 'கால்டு பார்ட்டி'. கூப்பிடுகிறவர், கூப்பிடப்படுகிறவர். தொலைபேசி இணைப்புகள் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்று சொல்லும் க்யூ.931 என்ற சர்வதேசத் தரநிலையில் 'கால்டு பார்ட்டி நம்பர்' என்று ஒரு பகுதியே உண்டு. அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதைத்தான் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறார். விருந்தைப் பற்றியோ கட்சியைப் பற்றியோ அவர் யோசித்ததே இல்லை. பார்ட்டி என்றால் கோட்டின் ஒரு முனை.

அந்தப் படத்தை நான் அழிக்கவில்லை. அதற்குப் பக்கத்திலேயே ஒரு வட்டம் போட்டுக் குறுக்கே கோடு கிழித்தேன். 'பார்ட்' என்றால் பங்கு. பங்கு பிரிப்பதைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொற்களிலிருந்து வந்ததுதான் பார்ட்டியும் பார்ட்னரும். வழக்கிலோ ஒப்பந்தத்திலோ ஒரு பக்கம் நிற்பவர் என்ற அர்த்தம்தான் ஆங்கிலத்தில் பழையது. கூடிக் குடித்துக் கொண்டாடுவது என்ற அர்த்தம் 18ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. மாணவர்கள் கடைசியாகக் கற்றுக்கொள்வது முதலில் பிறந்திருக்கிறது. நமக்குப் 'பங்கு' இருக்கிறது, அதிலிருந்து 'பங்காளி' இருக்கிறார், பங்காளி என்றாலே பாதிக் குடும்பங்களில் கோர்ட்டு வழக்கும் இருக்கிறது. இதைச் சீனத்தில் சொல்ல எனக்கு வராததால் எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டேன்.

மேலாளர் கையைத் தூக்கினார். தாங் என்பதும் முதலில் கட்சி இல்லையாம். பழைய காலத்தில் ஐந்நூறு வீடுகள் கொண்ட ஊர்ப் பிரிவுக்கு அந்தப் பெயராம். அப்புறம் கோஷ்டி என்று ஆகியிருக்கிறது, கெட்ட அர்த்தத்தில். நல்ல மனிதன் எல்லோரோடும் சேர்ந்திருப்பான், கோஷ்டி கட்டமாட்டான் என்று கன்ஃபூசியஸ் சொன்னதாக ஒரு வாக்கியத்தை அவர் ஒப்பித்தபோது வகுப்பே கூடச் சேர்ந்து முடித்தது. பள்ளியில் மனப்பாடம் செய்தது போலிருக்கிறது. அந்த வாக்கியத்தில் வரும் சொல்லும் தாங்தான்.

'தேர்ட் பார்ட்டி', அதாவது மூன்றாவது பார்ட்டிக்கு வந்தபோது புதிதாகக் கார் வாங்கிய கணக்குப் பிரிவுக்காரர் சிரிக்க ஆரம்பித்தார். நம் ஊரில் வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் தெரியும். சீனத்தில் அந்தக் காப்பீட்டில் வரும் சொல் 'தீசான்ஜ', மூன்றாம் ஆள். ஆனால் பேச்சு வழக்கில் தீசான்ஜ என்றால் கணவன் மனைவிக்கு நடுவில் வந்து புகுந்தவர். "அந்த இன்சூரன்ஸ் எவ்வளவுக்குப் போட்டிருக்கிறீர்கள் என்று என் மனைவி கேட்டாள்" என்றார். கைப்பேசியில் பணம் கட்டும் செயலியும் மூன்றாவது பார்ட்டிதான், ஆனால் அதற்குத் 'தீசான்ஃபாங்', மூன்றாம் தரப்பு. ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கிக்கொண்டதைச் சீனம் கவனமாக இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. இந்த விஷயத்தில் என் ஓட்டு சீனத்துக்கு.

ஒப்பந்தப் பிரிவிலிருந்து வந்த பெண் இத்தனைக்கும் வாயைத் திறக்கவில்லை. வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு ஒரு தாளை நீட்டினாள். அவளே சீனத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றிய விற்பனை ஒப்பந்தம். வாடிக்கையாளரின் வக்கீல் ஒரு வரியைச் சிவப்பில் வட்டமிட்டு ஓரத்தில் 'விச் ஒன்?' என்று எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறார். அந்த வரி: சரக்கு வந்து 30 நாளுக்குள் 'ஏ பார்ட்டி' பணம் செலுத்த வேண்டும்.

சீன ஒப்பந்தங்களில் இரண்டு தரப்புக்கும் ஜியாஃபாங், யீஃபாங் என்று பெயர். ஜியாவும் யீயும் பழைய சீனக் கணக்கில் பத்துக் குறிகளில் முதல் இரண்டு. நம் அ, ஆ மாதிரி. பெரும்பாலும் பணம் கொடுக்கிறவர் ஜியா, வேலை செய்கிறவர் யீ. ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டுத் திருத்தம் சொல்லும் வாடிக்கையாளரை 'ஜியாஃபாங் பாபா' என்பார்கள். பாபா என்றால் அப்பா. ஜியா முன்னால், ஃபாங் பின்னால். அதே வரிசையில் 'ஏ பார்ட்டி' என்று போட்டுவிட்டாள். ஆங்கிலத்தில் அது 'பார்ட்டி ஏ' என்று திரும்பி நிற்க வேண்டும். திரும்பவில்லை என்றால் அந்த ஏ எழுத்தாக இருக்காது, ஒட்டுச் சொல்லாகிவிடும். 'ஏதோ ஒரு தரப்பு' பணம் கட்ட வேண்டும் என்று ஆகிவிடும். வாக்கியத்தின் முதல் சொல் என்பதால் பெரிய எழுத்தும் காப்பாற்றவில்லை.

"இரண்டு சொல்தானே லாவ்ஷி" என்றாள். கண் கலங்கியிருந்தது. பிரிவுத் தலைவர் எல்லோர் முன்னாலும் ஏதோ சொல்லியிருக்கிறார். நான் பென்சிலால் அந்த வரியில் திருத்திக் காட்டினேன். மற்ற பக்கங்களை அவளே பார்த்தாள், நான் நாற்காலியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து நின்றேன். பதினேழு இடத்தில் 'ஏ பார்ட்டி' இருந்தது. பதினேழும் முடிந்ததும், 'ஏ, பி என்றே வைக்காமல் வாங்குபவர், விற்பவர் என்று எழுதக் கூடாதா?' என்று கேட்டாள். தாராளமாக எழுதலாம், ஆங்கில ஒப்பந்தங்களில் பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்றேன். அப்படியென்றால் அதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்பதுபோல் என்னைப் பார்த்தாள். நியாயமான பார்வைதான்.

அந்த வாரம் வீட்டுக்குப் போன் பேசும்போது அப்பாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அப்பா மதுரையில் ஒரு வக்கீலிடம் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர். சின்ன வயதில், 'கட்சிக்காரர் வந்திருக்கார், தண்ணி கொண்டா' என்று அவர் குரல் கொடுத்தால் நான் வாசலில் போய்க் கரை வேட்டியைத் தேடுவேன். யாரோ ஒரு விவசாயி மஞ்சள் பையோடு உட்கார்ந்திருப்பார். எதிர்க்கட்சிக்காரர் வாய்தா கேட்கிறார் என்று அப்பா சொல்லும்போதெல்லாம், சட்டசபையில் இருக்கிறவர்கள் எதற்கு நம் ஊர்க் கோர்ட்டுக்கு வருகிறார்கள் என்று நினைத்திருக்கிறேன். தெருமுனை வீட்டு புரோக்கரோ வாங்க வருகிறவரைப் 'பார்ட்டி' என்பார்: 'பார்ட்டி ரெடி, அட்வான்ஸ் எப்ப வச்சுக்கலாம்?' இத்தனையும் கேட்டு வளர்ந்துவிட்டு ஷென்ஜெனில் எட்டு அர்த்தத்துக்கு எண் போட்டிருக்கிறேன்.

அப்பா கதை முழுவதையும் கேட்டார். அந்தப் பெண்ணுக்கு வேலைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று விசாரித்தார். பிறகு, "அது சரி, உங்க கம்பெனி எந்தக் கட்சி?" என்றார்.

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, சுற்றும்முற்றும் பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது.

"விக்கிற கட்சிப்பா" என்றேன்.