கிட்டார் முதல் கிரேடு தேர்வு: தினமும் இருபது நிமிடம்

கோலாலம்பூரில் செந்தூலிலிருந்து பிரிக்பீல்ட்சுக்கு வேலைக்குப் போய்வரும் எனக்குக் கிட்டாரைத் தொட ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வாய்க்கும் என்று நினைத்திருந்தேன். காலையில் பசியாறிவிட்டு உட்கார்ந்தால் மூன்று மணி நேரம் விடாமல் வாசிப்பேன். திங்களன்று இடக்கை விரல்நுனிகள் கன்றிப்போயிருக்கும். வியாழன்வரை கிட்டார் பக்கமே போகமாட்டேன். அடுத்த ஞாயிறு, போன வாரம் கைக்கு வந்த பகுதி மறுபடி நழுவியிருக்கும். நான்கு மாதங்கள் இப்படியே கரைந்தன.

என் ஆசிரியை தினமும் இருபது நிமிடம் வாசிக்கச் சொன்னார். அன்றே கிட்டாரைப் பையிலிருந்து எடுத்து வரவேற்பறை நாற்காலியோரம் நிறுத்தினேன். பையைத் திறக்கும் சோம்பலே எத்தனையோ நாள்களைத் தின்றிருந்தது.

விரல்நுனித் தோல் தடிக்கச் சில வாரங்கள் பிடிக்கும். ஒரே நாளில் அழுத்தி அதை வரவழைக்க முடியாது. கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டையான ஃபிரெட்டை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் அழுத்தினால் குறைந்த பலமே போதும். தள்ளி அழுத்தினால் தந்தி இரையும், நாமும் பயந்து இன்னும் இறுக்குவோம். நுனியில் எரிச்சல் இருந்தால் பொறுக்கலாம். மணிக்கட்டில் வலித்தால் அப்போதே கிட்டாரைக் கீழே வையுங்கள்.

பிரிட்டனின் இசைத் தேர்வு வாரியமான ஏ.பி.ஆர்.எஸ்.எம். நடத்தும், தேர்வாளர் முன் நேரில் வாசிக்கும் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் முதலில் மதிப்பெண் கணக்கைப் பாருங்கள். மூன்று பாடல்களுக்குத் தலா 30, ஸ்கேல்கள் எனும் சுர வரிசைகளுக்கு 21, முன்பின் பாராத இசைத்தாளைப் பார்த்தவுடன் வாசிப்பதற்கு 21, செவிப்பயிற்சிக்கு 18, ஆக மொத்தம் 150. தேர்ச்சிக்கு 100 வேண்டும். பாடல்களில் முழு மதிப்பெண் வாங்கினாலும் 90தான் வரும். நானோ பாடல்களை மட்டுமே உருப்போட்டுக்கொண்டிருந்தேன்! இதைப் புரிந்துகொண்ட பிறகு இருபது நிமிடத்தைப் பிரித்தேன்: ஸ்கேலுக்கு ஐந்து, புதிய இசைத்தாளுக்கு ஐந்து, பாடலில் இடறும் இடத்துக்குப் பத்து. செவிப்பயிற்சியில் கேட்ட மெட்டைத் திருப்பிப் பாட வேண்டும், அதை எல்.ஆர்.டி. ரயில் நிலையத்துக்கு நடக்கும்போதே முணுமுணுத்துப் பழகினேன்.

அந்தப் பத்து நிமிடம்தான் உயிர்நாடி. பாடலைத் தொடக்கத்திலிருந்து வாசிக்காதீர்கள். தொடக்கம் ஏற்கெனவே நன்றாக வரும். அதையே வாசித்து மகிழ்வது பயிற்சி ஆகாது. இடறும் இடத்துக்கு ஓர் அளவு (இசைத்தாளில் இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதி) முன்னால் தொடங்குங்கள். தாளத்தைத் தட்டிக்காட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டுக்கு வையுங்கள், அதிலும் தவறினால் 50. பிசகின்றி மூன்று முறை வந்தால் மட்டும் நான்கு கூட்டுங்கள். என் இரண்டாவது பாடலில் இரண்டே அளவுகளுக்கு ஒன்பது நாள்கள் ஆயின. அந்த ஒன்பது நாளும் பொறுமையின்மை என்னைப் பிடித்து உலுக்கியது உண்மை. பத்தாவது நாள் விரல்கள் தாமாகவே இடம் மாறின.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஞாயிற்றுக்கிழமைகளை வேறு விதமாகப் பயன்படுத்தினேன். அம்மாவை எதிரில் உட்காரவைத்து, மூன்று பாடல்களையும் ஒரே ஒரு முறை, தவறினாலும் நிறுத்தாமல் வாசிப்பேன். தேர்வறையில் முதல் பாடலிலேயே ஒரு சுரம் தவறியது. கை நிற்கவில்லை.